கத்திரித் தோட்டத்தில் கேழ்வரகு

உலகத்தில் நான் மனதார வெறுத்த தானியம் ஒன்றுண்டென்றால் அது கேழ்வரகு. காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்த என் அத்தை, நைனாவின் அக்கா.

கொடுங்கையூரில் எங்கள் தோட்டத்துக் கத்திரிக்காய்க்குக் கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தையில் தனி மரியாதை. அந்த மரியாதை நைனாவின் தலைக்கு ஏறியிருந்த சமயத்தில்தான் செடிகள் சாக ஆரம்பித்தன. காலையில் பச்சைப்பசேலென்று நிற்கும். உச்சிவெயிலில் தலை தொங்கும். மூன்றாம் நாள் பிடுங்கி எறிய வேண்டியதுதான். நைனா திருஷ்டி பொம்மை நட்டார். மறுவருடம் பயிரை மாற்றுகிறேன் என்று மிளகாய் போட்டார். அதுவும் செத்தது. இன்னொரு வெள்ளாமை போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். பகலில் நைனா படுத்து நான் பார்த்ததில்லை, பயந்துபோனேன்.

அத்தை புழலில் தன் மாமியார் வீட்டுத் தோட்டத்திலேயே இந்த நோயைப் பார்த்தவள். செத்த செடியின் தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தாள். வெட்டிய இடத்திலிருந்து பால்போல ஒன்று நூலாக இறங்கியது.

"நோவு மண்ணுல கீதுடா. கத்திரி, மொளகா, தக்காளி மூணும் ஒரே வூட்டுப் புள்ளைங்க. ஒண்ணுக்கு வந்தது மத்ததையும் வுடாது. ரெண்டு வருசம் கேவுரு போடு. அது கேவுர தொடாது, பட்டினி கெடந்து சாவட்டும்."

"கத்திரிக்காரன் கேவுரு போட்டா ஊரே சிரிக்கும்கா."

"சிரிச்சிகினு போவட்டும்."

ஊர் சிரித்தது. இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் காலையில் கூழ், ராத்திரி களி. மிச்சத்தை அத்தை பக்கத்துப் பஞ்சாலை வாசலில் கூழாக விற்றாள். நோயைப் பட்டினி போடுவதாகச் சொல்லி என்னைத்தான் வதைக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடம் கத்திரி நட்டோம். நைனா தினமும் உச்சிவெயிலில் வரப்பில் நின்று செடி செடியாகப் பார்ப்பார். அங்கொன்றும் இங்கொன்றும் வாடியதோடு சரி, மற்றதெல்லாம் நிமிர்ந்தே நின்றது. பிறகு காய்த்தது பாருங்கள், கிளை தாங்கவில்லை. இரண்டு வண்டி நிறையக் கூடைகள். சிரித்தவர்களே வந்து ஏற்றிவிட்டார்கள். நைனா தன் அக்காவை முன்வண்டியில் உட்காரவைத்து, தான் மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தார். அத்தை வெற்றிலை மென்றபடி சாவடிவரை மகாராணியாகப் போனாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூழ் ஒழிந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசிக் காயைப் பறித்து, செடிகளையும் பிடுங்கிப் போட்டபின், யாரும் சொல்லாமலே நைனா விதைக் கேழ்வரகைக் கூடையில் அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அதான் ஜெயிச்சிட்டோமே, நைனா."

"மண்ணுல அது இன்னும் முழுசா சாவல" என்று சொல்லிவிட்டு அவர் அத்தையைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். ஜெயித்த வீட்டில் மறுபடியும் எதற்குக் கூழ் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.