நாற்பத்தோராவது பொட்டு

2023 அக்டோபர் 26, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. திருச்சியில் மேகமூட்டம், மழை இல்லை, புழுக்கம் மட்டும். எங்கள் ஆய்வகத்தின் கணினித் திரையில் கோடு மூன்றாவது முறையாகத் துள்ளியது. எங்கள் விஞ்ஞானி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை.

விண்வெளித் தொலைநோக்கிக்காக ஆறு ஆண்டுகள் உழைத்து அவர் உருவாக்கிய உணரி, விரல் நக அளவுச் சில்லு. கடுங்குளிரில் வைத்தால் மிக மெல்லிய ஒளியும் அதற்குத் தெரியும். ஆனால் விண்கலத்தின் சொந்த ரேடியோ அலை அதைக் குழப்பக் கூடாது. அதனால் குளிர்கலனுக்குள் அதை வைத்து, வெளியிலிருந்து அலையை வீசிப் பார்ப்போம். கோடு அசையக் கூடாது. மாலை நான்கு மணிக்குப் பெங்களூர்க் குழு காணொளியில் பார்க்கும்போதும் அசைந்தால், அந்தச் சில்லைத் தொலைநோக்கியில் சேர்க்க மாட்டார்கள்.

நான் ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் அங்கே கருவிகளைப் பராமரித்தவன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போது காவிரிப் பாலத்து விளக்குக் கம்பங்களைக்கூட எண்ணாமல் விடமாட்டேன். மூன்று நாட்களாக எனக்கு வேறொரு கவலை. ஆயுத பூசைக்குக் கருவிகளுக்கு நாற்பத்தொரு பொட்டு வைத்தேன். மறுநாள் துடைத்தவை நாற்பது. மேடம் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் பொரியில் முதல் பிடி அவருக்குத்தான். அவரிடம் புலம்பினேன். "பொட்டு எங்க சார் ஓடிடப்போகுது? விடுங்க" என்று சிரித்தார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. "எல்லா மூடியும் இறுக்கமாத்தான் இருக்கு. அலை எந்த இடுக்குல சார் நுழையுது?"

மூடி என்றதும் எனக்கு நினைவு வந்தது. பூசையன்று, குளிர்கலனின் வெளிச்சுவரில் கம்பிகள் வந்து சேரும் பெட்டியின் மூடி தனியே மல்லாந்து கிடந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் நான் வருவதற்குள் யாரோ அதை மாட்டிவிட்டார்கள்.

"மேடம், தப்பு என்னோடதுதான். அந்தப் பொட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுத்து."

எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டிய விளிம்பில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். அது விட்ட மயிரிழை இடைவெளிதான் அலை நுழைந்த இடுக்கு. தலைகுனிந்து நின்றேன். மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முதல்ல துடைங்க சார், அப்புறம் திட்டறேன்."

நான்கு மணிக்கு அலையை முழு வலுவில் வீசினோம். பத்து முறை. கோடு கோடாகவே கிடந்தது. "போதும் மேடம், எடுத்துக்கறோம்" என்றது பெங்களூர். அறையிலிருந்த ஏழு பேரும் கத்தினோம். அதில் என் குரல்தான் பெரிது.

இன்று மேடம் வேறு ஊரில் இன்னொரு சில்லைச் சோதிக்கிறார். ஆயுத பூசை தோறும் போன் வரும்: "எண்ணிட்டீங்களா சார்?" ஆனால் அன்று சொன்னாரே தவிர, அவர் என்னைத் திட்டவேயில்லை. அபராதம்தான் போட்டார்: ஆளுக்கொரு நெய் ரோஸ்ட், ஒரு காபி. அவருக்கு மட்டும் இரண்டு ரோஸ்ட். ஆக மொத்தம் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.