படக்கார அக்காவின் புது லென்ஸ்

நகைக்கடையில் அவரை எல்லோரும் படக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கடையின் விளம்பரங்களில் பளபளக்கும் மோதிரமும் தோடும் அவர் எடுத்த படங்கள்தான். மெருகேற்றிய தங்கம், எதிரே நிற்பவரின் முகத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். அதனால் வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியே லென்ஸை மட்டும் நீட்டிப் படம் எடுப்பார். இத்தனை வருடங்களில் எந்த நகையிலும் அவர் தெரிந்ததில்லை.

போன வருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. இனிக் குறையாது, கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தனை கிட்டத்தில் எடுக்கும்போது கேமரா மயிரிழை அசைந்தாலும் கல்லின் ஓரம் மங்கிவிடும். மங்கிய படங்களைப் பார்த்து மேலாளர் முகம் சுளித்தபோது, "லென்ஸ் பழசாயிடுச்சு சார்" என்றார் அக்கா.

"அப்ப புதுசு வாங்கிடுங்கக்கா. இனிமேலும் இப்படி வந்தா வேற ஆளத்தான் பாக்கணும். முதலாளிக்கு என்னால பதில் சொல்ல முடியல."

வேறு வேலை எதுவும் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

கேமரா கடைக்குக் கணவரும் கூடப் போனார். விற்பனையாளர் ஒரு சின்ன லென்ஸை எடுத்து நீட்டினார். "நகைக்குன்னா இது போதும்க்கா. லேசா இருக்கும், கையில வச்சே எடுத்துடலாம்."

"கையில வேணாம்." அக்காவின் வலது கை கைப்பைக்குள்ளேயே இருந்தது.

தள்ளி நின்றாலும் நகையைப் பெரிதாகக் காட்டும் நீள லென்ஸைக் கேட்டார். இருப்பதிலேயே கனமான முக்காலி. கேமராவை நூலளவு முன்னே பின்னே நகர்த்தத் திருகு வைத்த சின்னத் தண்டவாளம். தொடாமலே படம் எடுக்க ரிமோட்.

விற்பனையாளர் சிரித்துவிட்டார். "மோதிரம் எங்கயும் பறந்துடாதுக்கா! பறவை எடுக்கறவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க."

"என்னைக் கட்டிக்கறப்பகூட இவ இவ்ளோ யோசிக்கலப்பா" என்றார் கணவர்.

"அப்ப கிட்டத்துல காட்டற லென்ஸ் இல்லயே" என்றார் அக்கா.

மூவரும் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அக்கா அன்றுதான் சிரித்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்துப் பார்த்தார். அதில் தேய்ந்துபோன கோடுகூடத் துல்லியமாக விழுந்தது. இனிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நகைக்கடையின் பின்னறையில், கேமரா பார்ப்பதெல்லாம் அப்படியே பெரிய திரையில் தெரியும். முதலில் ஒரு வளையலைப் படுக்க வைத்து ரிமோட்டை அழுத்தினார். திரையைப் பார்த்த மேலாளர், "அடடா! லென்ஸ்தான் கோளாறுன்னு நீங்க சொன்னது சரிதான்க்கா" என்றார்.

அடுத்தது மோதிரம். மோதிரம் நிற்க வேண்டும். கடுகளவு மெழுகை ஒட்டி, இடுக்கியால் மோதிரத்தைப் பிடித்து அதன் மேல் அழுத்தி, கல்லை லென்ஸின் பக்கம் திருப்ப வேண்டும். இத்தனை வருடங்கள் தன் கையாலேயே செய்ததை அக்கா ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. கேமராவைத் தொடாமலிருக்க என்னென்னவோ வாங்கியவர், நகையைத் தொட வேண்டும் என்பதை மறந்திருந்தார்.

திரைக்குள் இடுக்கி நுழைந்தது. உலக்கை பருமனில் தெரிந்த அது, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆடியது. மோதிரம் விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடி விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஆடின. மேலாளர் அவர் கையைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... நீங்க உக்காருங்க."

மேலாளரே மோதிரத்தை மெழுகில் நிறுத்தினார். மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினார். கல்லின் பட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரையில் வந்து நின்றன.

"யாரு வேணா எடுக்கற மாதிரி அமைச்சு வச்சிருக்கீங்களே!" என்றார். மனதாரத்தான் பாராட்டினார். பிறகு முகத்தைப் பார்க்காமல், "இதையெல்லாம் கொஞ்ச நாள் இங்கயே விட்டுட்டுப் போக முடியுமாக்கா? வாடகை குடுத்துடறோம்" என்றார்.

வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த கணவர் நிமிர்ந்தார். "என்னம்மா, படம் தெளிவா வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் சொல்லல?" முக்காலியை வாங்கக் கை நீட்டியவர், அக்காவிடம் கைப்பை மட்டுமே இருப்பதைப் பார்த்தார். "சாமான் எல்லாம் எங்க?"

"உள்ள வேலை செஞ்சிட்டிருக்கு" என்றார் அக்கா.