இசக்கியக்காவின் மேல்பல்

போன வாரம் தம்பி மகள் வீட்டுக் குளியலறையில் பற்பசையைப் பிதுக்கினேன். கன்னங்கரேலென்று வந்தது. கெட்டுப்போய்விட்டது என்று தூரப் போடப் போனவளிடமிருந்து, "அத்தே, அது சார்க்கோல் பேஸ்ட். இப்ப இதுதான் நல்லதுன்னு சொல்லுதாங்க" என்று அவள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கரியைப் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று தென்காசிச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். அது இப்போது டியூபுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு என் வாய்க்கே வரப்பார்க்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எந்த வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு சிரட்டையில் உமிக்கரி இருக்கும். இன்னும் சிலர் செங்கல்பொடி. சிற்றாற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம், ஆற்று மணலே போதும். நான் அப்போது ஹெல்த் விசிட்டர். வெள்ளைச் சேலையும் குடையும் தோள்பையுமாகத் தெருவில் நுழைந்தால், "பல்லு பாக்குத நர்சம்மா வாராக" என்று பிள்ளைகள் ஓடி ஒளியும். சாப்பிட்டதும் வாய் கொப்புளிக்கணும், மிட்டாய் தின்னக் கூடாது என்று நான் செய்யும் பிரசங்கம் கேட்கப் பிரமாதமாக இருக்கும். அதே தோள்பையின் அடியில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று கிடக்கும் என்பதை இப்போது சொன்னால் என்ன, பென்ஷனையா நிறுத்திவிடப் போகிறார்கள்? அந்த மிட்டாயின் புண்ணியத்தில் எனக்கே மேல்கடைவாயில் ஒரு சொத்தை. யாருக்கும் தெரியாமல் அதில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தேன்.

கிராம்பு வாசனை வந்தாலே எனக்கு இசக்கியக்காதான் ஞாபகத்துக்கு வருவாள். குற்றால மலைத் தோட்டத்துக் கிராம்பை முந்தியில் முடிந்து வைத்திருப்பாள். இலஞ்சியில் பீடி சுற்றுகிறவள். கொழும்புக்குப் பிழைக்கப் போன புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்று பெண் பிள்ளைகள். மடியில் புகையிலைத் தூள் பரப்பிய சுளகு, கையில் கத்தரி, கண் இலையை விட்டு அசையாது. அந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தார்கள்.

அந்த வருஷம் சாரல் காலத்தில் பல் முகாம் ஒன்று நடத்தினோம். பாளையங்கோட்டையிலிருந்து இளவயது டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். பல் பிடுங்கும் நாற்காலிக்கு எங்கே போவது? தென்காசி சலூன் ஒன்றிலிருந்து சுழல்நாற்காலியை இரவல் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டோம். "சேவிங்கும் உண்டா?" என்று கேட்ட இளவட்டங்களுக்குக் குறைவில்லை. உட்காரத்தான் ஆளில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். கேட்டால், பல் பிடுங்கி அடுத்த வருஷமே பார்வை போன ஒரு பெரியவரைக் கை காட்டுவார்கள். கண்புரை என்றால் யார் கேட்டார்கள்.

மத்தியானம் இசக்கியக்கா வந்தாள். ஒரு பக்கக் கன்னம் பந்தாக வீங்கிக் கண்வரைக்கும் ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து, மேல்பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்றார்.

"உயிரு போனா ஒரேயடியாப் போயிரும் டாக்டரே. கண்ணு போச்சுன்னா நான் இருந்துக்கிட்டே எம்புள்ளைய பட்டினி கெடக்கிறதப் பாக்கணும். அதயும் பாக்க முடியாது" என்றாள் அக்கா.

எனக்கு என்ன தோன்றியதோ, நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "டாக்டர், எனக்கும் மேல்பல் சொத்தைதான். மொதல்ல எனக்கு எடுங்க" என்றேன். உங்களிடம் மறைப்பானேன், நானும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே. படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்க, குறடு உள்ளே வந்ததும் சுவரில் மாட்டியிருந்த மணிக்கூண்டுப் படத்தை, கடைசியாக ஒருமுறை என்பதுபோல் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

பல் வந்தது. படம் அப்படியே தெரிந்தது. வாயில் பஞ்சோடு அக்காவைப் பார்த்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை. "இப்பத் தெரியும் நர்சம்மா. விடிஞ்சாலும் தெரியணும்லா?"

சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டிய டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் அக்காவுக்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டு, அருவியில் ஒரு குளியல் போடலாம் என்று குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். நான் அதைக் குற்றாலத்தின் உபகாரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விடிந்ததும், பல் எடுத்து வீங்கிய என் கன்னத்தோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். அக்கா என் கண்ணையே பார்த்தாள். பிறகு கடைக்குட்டியைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன வா. நர்சம்மா, இவ தலையில ஈரு பாருங்க."

பேன் என்றால் ஓடுவது தெரியும். மயிரோடு ஒட்டிக்கிடக்கும் அதன் முட்டையைக் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும். எங்கள் பெண்களுக்கு இதைவிடப் பெரிய கண் பரிசோதனை கிடையாது. அந்தப் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, பல் வலியோடு, ஒவ்வொன்றாக உருவி நகத்தில் வைத்து நசுக்கிக் காட்டினேன். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில்லை.

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "நடங்க, போவோம்."

அவளுக்குப் பல் எடுத்ததும் கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் அப்படியே வரிசையில் நின்றுவிட்டார்கள். அடுத்த வாரம் அக்கா பழையபடி சுளகோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த முகாம்களிலெல்லாம் எனக்கு வேலையே இல்லை. வாசலில் அவள் நின்றுகொண்டு, "ஒன் மூஞ்சி எனக்குத் தெரியுதுலா? போயி உக்காரு" என்று ஒவ்வொருத்தியாக உள்ளே தள்ளிவிடுவாள். பெண்கள் மூவரையும் பீடி சுற்றியே கட்டிக்கொடுத்தாள்.

நான் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்கியிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டாள். தடவித் தடவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தெருவுல ஒருத்தி சொல்லுதா, அன்னைக்குப் பல்லப் புடுங்குனதுதான் இப்ப வேலயக் காட்டுதுன்னு. நல்லாக் குடுத்துட்டேன். இது வயசுல வந்தது நர்சம்மா, பல்லால இல்ல. நான் இருக்கவரைக்கும் ஒருத்தியும் அப்படிச் சொல்ல விடமாட்டேன்."

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். தென்காசியில் இப்போது தெருவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்மையில் ஒருநாள் அப்படி ஒன்றில் உட்கார்ந்து, மேல்பல் எடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அந்தச் சின்ன டாக்டருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை.