குப்பத்து மணலில் என் பரீட்சை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது யோகாசன வாத்தியாராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குப் பரீட்சை. இடம், ஊருக்கு வடக்கே மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி. வீடு ரெட்டியார்பாளையம். பஞ்சாலையில் வேலை பார்த்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி ஓயாத இருமல். யாரோ சொன்னார்கள் என்று டவுனில் ஒருவரிடம் ஆசனம் கற்கப் போனேன். இருமல் நின்றது. வேலையை விட்டுவிட்டு அவரிடமே வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். சைகோன் வரைக்கும் போய் வந்தவர். முசியே என்றுதான் கூப்பிடுவோம். பெரிய மீசை, காக்கி நிஜார். அவர் ஆசனம் சொல்லித் தருவது கவாத்து மாதிரி இருக்கும்.

எனக்கு ஆசனமெல்லாம் வந்தது. பேச்சுதான் வரவில்லை. வாத்தியார் என்றால் காலை இப்படி நீட்டு, மூச்சை மெதுவாக விடு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் செய்து காட்டிவிட்டுச் சும்மா நிற்பேன்.

“வாயில இன்னாடா கொழுக்கட்டையா? அலே, பேசுடா!” என்பார் முசியே, பாதி பிரெஞ்சில்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசன வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பரீட்சையில் தேறினால் என்னை அங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் மறுபடி பஞ்சாலைதான். என் நெஞ்சு அதைத் தாங்காது என்பது எனக்குத் தெரியும்.

பரீட்சை இதுதான். ஒரு வகுப்பை முழுக்க நானே நடத்த வேண்டும். முசியே வாயைத் திறக்க மாட்டார். வகுப்பு முடிவில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்து உடம்பைத் தளர விடச் சொல்வோம். சாந்தி ஆசனம் என்று பெயர். நான் எழுந்திருக்கச் சொல்லும் வரை ஒருத்தரும் அசையக் கூடாது.

“ஒருத்தன் எழுந்து உக்காந்தாலும் உம் பேச்சுக்கு மரியாத இல்லன்னு அர்த்தம். அப்படியே வூட்டுக்குப் போய்டு” என்றார்.

வழக்கமாக வகுப்பு நடக்கும் கொட்டகையில் அன்று கல்யாணம். இடத்தை நீயே பார் என்று சொல்லிவிட்டார். நான் குப்பத்து ஓரம் இருந்த மணலைப் பார்த்து வைத்தேன். சமமாக, சுத்தமாக இருந்தது. நாங்கள் பயிர் வைக்கிற குடும்பம். மாசி மகத்துக்குக் கடலில் முழுக்குப் போடுவதோடு சரி. கடற்கரை என்றால் எங்களுக்கு மணல், தண்ணீர், அவ்வளவுதான்.

விடியும்போதே போய்விட்டோம். படகுகளும் கட்டுமரங்களும் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. முசியே தூரத்தில், கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய படகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் டவுன் ஆட்கள். ஒரு தையல்காரர், ஓட்டலில் வேலை செய்பவர் ஒருவர், மற்றவர்கள் குமாஸ்தாக்கள். என் நிலைமை அவர்களுக்குத் தெரியும். “நீ கவலப்படாத வாத்தியாரே, நீ சொல்லாம ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான்” என்று தையல்காரர் என் முதுகில் தட்டினார்.

வகுப்பு நன்றாகவே போனது. கொஞ்சம் பேசவும் செய்தேன். கடைசியில் எல்லாரையும் வரிசையாகப் படுக்க வைத்தேன். வெயில் ஏறி முகத்தில் அடித்தது. அவரவர் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் வெள்ளைத் துண்டு. அப்படியே அடங்கிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது தென்னை மரங்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். மீன் கூடையோடு வந்த ஒரு பெண், கூடையைப் போட்டுவிட்டுக் குப்பத்தைப் பார்த்து ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குப்பத்துப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். அவிழ்ந்த தலை. மாரில் அடித்துக்கொண்டு ஓலம். குப்பத்தில் யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். அவர்கள் நேராக எங்களிடம் வந்தார்கள்.

ஒரு அம்மாள் என் பனியனைப் பிடித்து உலுக்கினாள். “எந்தப் படகுடா? எம் புள்ள எங்கடா? சொல்லித் தொலைடா!”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. படுத்திருந்தவர்களைக் கடலில் செத்த தங்கள் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முசியேயைப் பார்த்தேன். படகின் மேல் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் பேசவில்லை.

படுத்திருந்தவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு இளம்பெண் தையல்காரர் மேல் விழுந்து, “என் மாமோய்!” என்று கதறினாள். துண்டை விலக்கினாள். அவள் ஆள் இல்லை. எழுந்து அடுத்தவனைத் தேடப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. அவர் கன்னத்தைத் தடவி, “ஐயோ, எவ பெத்த புள்ளையோ! மூக்குக் கண்ணாடி கூடக் கழட்டலயே!” என்று முன்னைவிடப் பெரிதாக அழுதாள். கண்ணீர் அவர் முகத்தில் சொட்டியது.

தையல்காரர் கண்ணைத் திறக்காமலே, “அழாதம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

பிணம் பேசுகிறது என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கு வாய் திறந்துவிட்டது.

“யாரும் சாவலம்மா! எல்லாருக்கும் உசிரு இருக்கு! இவங்க டவுனு ஆளுங்க, தேகப்பயிற்சி செய்றாங்க! உங்க ஆம்பளைங்க கடல்லதான் இருக்காங்க! டேய், எல்லாரும் எழுந்திருங்கடா!”

அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். கடலைப் பார்த்தார்கள். தூரத்தில் பாய்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

என் பனியனைப் பிடித்த அம்மாள் இப்போது என் காதைப் பிடித்தாள். “ஆம்பளைங்க தண்ணி மேல இருக்கிற நேரத்துல, இந்த மணல்ல, மூஞ்சிய மூடி வரிசையா படுக்கப் போடுவாங்களாடா? எப்ப அப்படிப் போடுவோம்னு தெரியாதா உனுக்கு?”

தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கவில்லை. எல்லாரும் அந்த இளம்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். “ஏண்டி, உம் மாமன் எப்பலேந்துடி மூக்குக் கண்ணாடி போடுறாரு?” “நல்லா கன்னத்த வேற தடவுனா! வரட்டும், அவருகிட்ட சொல்றேன்!” அவள் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். தையல்காரர் அதைவிட வெட்கப்பட்டார்.

கட்டுமரங்கள் கரை ஏறியதும் விஷயம் தெரிந்து ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுடைய புருஷன் ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து தையல்காரரிடம் நீட்டினான். “இந்தாண்ணே, செத்துப் பொழச்சவரு. நல்லா சாப்புடு” என்றான்.

முசியே படகிலிருந்து இறங்கி வந்தார். மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“உன் வாயத் தொறக்க ஒரு குப்பமே ஒப்பாரி வெக்க வேண்டியிருக்கு” என்றார். அப்புறம் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மேல விழுந்து அழுதும் ஒருத்தன் எழுந்திருக்கல. பள்ளிக்கூடத்துக்குப் போ.”

திரும்பி வரும்போது தையல்காரர் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குத் தாய் தகப்பன் கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. கடைத்தெரு வந்ததும், “நான் செத்தா அழ ஆளில்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் வாத்தியாரே” என்றார். முகம் பளபளவென்று இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தேன். எத்தனையோ பேரைப் படுக்க வைத்து எழுப்பிவிட்டேன். தன் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் அடுத்தவனுக்காக அந்தப் பெண் அழுத அழுகை, இன்றைக்கும் எனக்கு மனுஷர்கள் மேல் நம்பிக்கை தருகிறது.