செல்வராணி அக்கா அழிக்காத ஃபைல்

செல்வராணி அக்கா போய்விட்டார். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம்.

எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பிறகு கூச்சமாகி டிலீட் செய்துவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்களைப் பார்த்து டாக்டர்கள் கருத்துச் சொல்லும் சின்ன ஆபீஸ் அது. நான் ஐ.டி. வேலை. அக்கா போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவர், தினமும் வித்துராவிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார்.

மெயிலில் வரும் ரிப்போர்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நோயாளியின் பெயர் போட்டு, எல்லோரும் பார்க்கும் ஷேர்டு டிரைவில் சேமிப்பது அவர் வேலை. காலை முழுக்க அதிலேயே போகும்.

நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மெயில் வந்ததும் அட்டாச்மென்ட் தானாக டிரைவுக்குப் போய்விடும். இன்பாக்ஸ் நிறையக்கூடாதென்று மெயிலையும் அழித்துவிடும். அந்த ஃபோல்டரை ஒருமுறை சரிபார்ப்பது மட்டும்தான் அக்காவுக்கு மிச்சம்.

"காலம்பற முழுக்க நான் கிடந்து செய்யுறத ஒரு நிமிஷத்துல தீர்த்துட்டியே தம்பி... கொள்ளாம் கேட்டோ!" என்று மலையாளம் கலந்து பாராட்டிச் சிரித்தார். மறுநாள் எனக்கென்று மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் கொண்டுவந்தார்.

மூன்றாவது வாரம், கல்லாறுக்காரர் ஒருவரின் ரிப்போர்ட் டிரைவில் இல்லை. மெயிலும் இல்லை. அவருடைய ஆபரேஷன் தள்ளிப்போனது.

அவரைத் தவிர வேறு யாரும் அந்த ஃபோல்டரைத் தொடமாட்டார்களே என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அக்காவைத்தான் மலையாளத்தில் கேட்டார். "ராணி, நிங்ஙளல்லாதெ வேற ஆரும் அந்த ஃபோல்டர் தொடில்லல்லோ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

எனக்கு அன்று காலையிலேயே தெரியும். என் ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு ஸ்கேன் சென்டரின் பெயரையும் தேதியையும் மட்டும்தான் வைத்தது. ஒரே சென்டரிலிருந்து ஒரே நாளில் இரண்டு வந்தால், இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். அக்கா கையால் சேமித்த காலத்தில் அப்படி ஒருமுறைகூட ஆனதில்லை.

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் யாரிடமும் சொல்லாமல் ஸ்கிரிப்ட்டைத் திருத்தினேன்... அவ்வளவுதான் செய்தேன்.

அக்காவை ரிசப்ஷனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார்.

போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க போன் செய்தார். வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்.

"தம்பி... அந்த ஃபைல நான்தான் அறியாம அழிச்சிட்டேனோ? இப்பவும் சில நேரம் மனசுல வரும்."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப... விடுங்க."

இதுதான் நான் சொன்னது. கல்யாணத்துக்கும் போகவில்லை. அவர் முகத்தில் விழிக்கத் துணிவில்லை.

பழைய ஆபீஸ் நண்பர்கள் இதைப் படிப்பீர்கள். அழித்தது என் ஸ்கிரிப்ட். தெரிந்தே வாய் திறக்காமல் இருந்தவன் நான்.

நாளை வித்துராவுக்குப் போகிறேன். அவர் மகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை...

நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்கணும் அக்கா. போய் வாருங்கள்.