நாற்காலிக்கு விழுந்த மாலை

தனலெட்சுமியைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவளே கோபித்துக்கொள்ள மாட்டாள். தம்பின் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில்தான் பிறந்தாள், அங்கேயே வாக்கப்பட்டாள், அங்கேயே புருஷனையும் பறிகொடுத்தாள். ஐம்பதை நெருங்குகிற வயதிலும் போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. சூப்பர்வைசர் அடுத்தவளைத் திட்டினால்கூட இவள் தலையைக் குனிந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் அரசியல்வாதிகளைக் கிண்டலடித்துக் கதை எழுதுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

எழுதினாளே! தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதி, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பிவிடுவாள். 'நிலாமதி' என்ற பெயரில் வரும். தனலெட்சுமி வாய் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் நிலாமதி போட்டு உடைப்பாள். அந்தச் சுகம் அவளுக்குப் போதும். விஷயம் தெரிந்தவள் பக்கத்து வீட்டு மயிலம்மாள் ஒருத்திதான்.

வினை வந்தது நாற்காலிக் கதையால். சட்டமன்ற உறுப்பினரை இந்தப் பக்கம் ஒய்பி என்றுதான் சொல்வார்கள். கதையில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. ஒய்பி வந்தால்தான் சாமி புறப்படும், ஒய்பி வந்தால்தான் சோறு. உச்சி வெயில் வரைக்கும் ஜனம் காத்துக் கிடக்கிறது. ஒய்பி வரவில்லை. கடைசியில், தொந்தி முன்னால் போக அதன் பின்னால் போகிற கோயில் தலைவர், காலி நாற்காலிக்கே மாலையைப் போட்டுக் கும்பிடுகிறார். நாற்காலி பொய் சொல்லவில்லை, சபையில் தூங்கவில்லை, கட்சி மாறவில்லை. அடுத்த தேர்தலில் ஜனங்கள் நாற்காலிக்கே ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் எந்தத் தோட்டத்துக் கதை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எல்லாத் தோட்டத்திலும் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி உண்டு, எல்லாத் தோட்டத்திலும் காத்துக் கிடப்பதும் உண்டு. ஆனால் தனலெட்சுமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. போன வருஷம் உப்புத் தண்ணீர் குடித்த ஒய்பி என்று கதையில் உப்பையும் சேர்த்துவிட்டாள்.

அதாவது, போன திருவிழாவில் அவளும் மயிலம்மாளும்தான் பண்டோங் என்கிற ரோஜாப் பால் சர்பத் கலக்கினார்கள். அவசரத்தில் சர்க்கரை என்று உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள் மயிலம்மாள். முதல் கிளாஸ் ஒய்பிக்குப் போனது. சுற்றிலும் கேமரா. மனுஷன் ஒரு வாய் குடித்தார், கண் கலங்கியது, சிரித்துக்கொண்டே விழுங்கினார். மீதியை இரண்டு பெண்களும் கமுக்கமாகச் சாக்கடையில் ஊற்றிவிட்டார்கள். அந்த உப்பு விஷயம் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். கலக்கியவர்கள் இருவர், குடித்தவர் ஒருவர்!

யாரோ அந்தக் கதையை ஒய்பிக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். மறுவாரமே அவருடைய செயலாளர் கிரிதரன் சிரம்பானிலிருந்து காரில் வந்து இறங்கினான். கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

"தலைவரே, இந்தத் தோட்டத்து ஆளுதான் ஒய்பிய அசிங்கமா எழுதியிருக்கு. எங்களுக்கு நல்லாத் தெரியும்லா. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. வீட்டுச் சாவி விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

தோட்டத்தை விற்று ஒரு வருஷமாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இந்த வருஷக் கடைசிக்குள் இடித்துவிடுவார்கள். தம்பின் ரோட்டோரம் கட்டி முடித்த மலிவு விலை வீடுகளின் சாவியைத் திருவிழா அன்று ஒய்பி கையால் தருவதாகப் பேச்சு. அந்தச் சாவி வராவிட்டால் இத்தனை குடும்பமும் நடுத்தெருவில்தான்.

தலைவர் கணேசமூர்த்தி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "எவனா இருந்தாலும் சரி, எவளா இருந்தாலும் சரி. சாவி மட்டும் நின்னுச்சு, அந்த ஆள நான் சும்மா விடமாட்டேன்!"

தனலெட்சுமி கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தாள். அவர் 'எவளா' என்று சொன்னபோது தன்னைத்தான் பார்த்தாரா? வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தாள். கைப்பேசியில் இருந்த கதைகளையெல்லாம் அழித்தாள். அழித்த பிறகும் அதைத் தொடவே பயந்தாள். தன் ஒருத்தி வீடு போனாலும் பரவாயில்லை, மயிலம்மாளின் வீடும் அல்லவா போகும்? மூட்டு வலியோடு அந்தக் கிழவி எங்கே போவாள்?

"ஒத்துக்கிடட்டுமாக்கா?" என்று மயிலம்மாளிடம் கேட்டாள்.

"வாய மூடிக்கிட்டுக் கிட. உப்பக் கொட்டுனவ நானு. நானே கம்முனு இருக்கேன், உனக்கென்ன கேடு?" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கதவையும் தாழிட்டுக்கொண்டாள்.

திருவிழாவும் வந்தது. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி கொட்டகையின் நடுவில். ஜனம் வெயிலில். மேளக்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். அம்மன் அலங்காரத்தோடு ரதத்தில் காத்திருந்தாள். கடைசியில் ஒரு கார் வந்தது. இறங்கியது கிரிதரன் மட்டும்தான், கையில் சாவிப் பெட்டி.

"ஒய்பிக்கு அவசர மீட்டிங். வரமுடியல."

சந்தன மாலையை ஏந்தியபடி தலைவர் விழித்தார். "அப்ப இந்த மாலை? உங்களுக்கே போட்டுடவா?"

"ஐயையோ, எனக்கா? ஒய்பி மாலைய நான் வாங்குனா என் வேலை போயிடும்லா. ஒண்ணு செய்ங்க, அந்த நாற்காலிக்கே போட்டுடுங்க. போட்டோ எடுத்து அனுப்பிடறேன்."

கொட்டகை அப்படியே உறைந்துபோனது. கிரிதரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உப்பு சமாச்சாரத்தை மட்டும் ஒய்பி சொல்லி அனுப்பியிருக்கிறார். கதையை அவன் படிக்கவே இல்லை! தோட்டம் முழுக்கப் படித்திருந்தது.

தலைவர் மேல்துண்டை இடுப்பில் கட்டினார். பிறகு தொந்தி முன்னால் போக, போனார். மாலையை நாற்காலியின் முதுகில் போட்டார். கைகூப்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். தனலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. தான் விளையாட்டாக எழுதியது கண்ணெதிரே கை கால் முளைத்து நடக்கிறதே, மகமாயி!

கிரிதரன் படம் எடுத்து அனுப்பினான். சாவிப் பெட்டியையும் அந்த நாற்காலியிலேயே வைத்தான். "ஒய்பி கையால வாங்குன மாதிரி இருக்கட்டும்." பேர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் நாற்காலியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவுக்குத் தனலெட்சுமியின் கற்பனையே போகவில்லை.

மயிலம்மாள் வாங்கிவிட்டாள். அடுத்து, "தனலெட்சுமி!"

போய் நின்று கும்பிட்டாள். பெட்டிக்குள் கையை விடப் போனபோது கிரிதரன் மூடியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, போன வருஷம் பண்டோங் கலக்குனது நீங்கதானே?"

ஆமாம் என்றால் வீடு போச்சு. இல்லை என்றால் மயிலம்மாள் மாட்டிக்கொள்வாள். சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் தலைவர் மைக்கில் கனைத்தார். "தம்பி, அந்தக் கதைய இப்ப எல்லார் முன்னாலயும் படிச்சுக் காட்டவா? கேட்டுட்டு, அதுல வர்றது நம்ம ஒய்பிதானான்னு நீங்களே மைக்ல சொல்லிடுங்க. ஒரு ஊர்ல கோயில் திருவிழாவாம். ஒய்பி வரலயாம். காலி நாற்காலிக்கு மாலையப் போட்டு..."

கிரிதரன் நாற்காலியைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். படம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"வேணாம் தலைவரே," என்றான் மெல்ல. மூடியிலிருந்து கையை எடுத்தான்.

சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பும்போது தலைவர் அவளைப் பார்க்காமலே முணுமுணுத்தார். "அடுத்த தடவ எழுதுறப்ப தொந்தியக் கொஞ்சம் கொறச்சு எழுதும்மா."

அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மறுகணம் போனது. தலைவருக்குத் தெரியும் என்றால் இன்னும் யார் யாருக்குத் தெரியும்? இந்தக் கூட்டத்தில் ஒரு வாய் போதாதா?

கிரிதரனின் கார் போய்விட்டது. ரதம் புறப்பட்டது. மயிலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "முட்டி உடையுதுடி. உக்கார ஏதாச்சும் குடேன்."

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, மாலையோடு, காலியாக. சுற்றி நின்ற கிழவிகள் யாரும் அதன் பக்கமே போகவில்லை. தனலெட்சுமி அதைப் பார்த்தாள். கதையில் ஓட்டுப் போட்டு அதை ஜெயிக்க வைத்தவளே அவள்தான்.

"இரு அக்கா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலி எடுத்துவரத் தன் வீட்டுக்கு ஓடினாள்.