ஜொகூர் ஆற்றில் ஒட்டக் கட்டிய தோணி

ஆற்றில் தோணி தள்ளுகிறவனுக்கு முதலைதான் எதிரி என்பார்கள். எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் முனியாண்டிக் கங்காணி. கங்காணியிடம் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ரோடு வராத அந்த நாளில், மலேயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களை ஜொகூர் ஆற்றைக் கடத்திவிடுவது என் வேலை.

மேலே போன குடம்

மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கள் துறைக்கு வந்ததும் கடல் சொன்னபடி கேட்கும். கடல் ஏறினால் ஆறு மேல்நோக்கி ஓடும். வற்றினால் கீழே ஓடும். சேலத்துப் பக்கமிருந்து புதிதாக வந்த பாப்பாத்திக்கு இது தெரியாது. குடம் கை நழுவியதும் கீழ்ப்பக்கம் ஓடிப்போய் நின்றாள். அது மேலே மிதந்து போனது. சாயங்காலம் தண்ணீர் வற்றும்போது குடம் தானாக வந்து சேர்ந்தது. "எங்க ஊரு ஆறு கொண்டுபோனா போனதுதான். இது பரவால்லண்ணே, திருப்பிக் குடுக்குது!" என்றாள்.

வெள்ளை வேட்டி

தண்ணீர் வற்றினால் இரண்டு கரையிலும் நீப்பாப் பனைப் புதரடி வரை சேறுதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பார்க்க வெள்ளை வேட்டியில் வந்த கங்காணியிடம், "தண்ணி ஏறட்டும், துறையிலேயே இறக்கிவிடுறேன்" என்றேன். "ஆத்தைப் பத்தி எனக்கே சொல்றியாடா?" என்று குதித்தான். தொடை வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டான். கரையில் நின்ற பாப்பாத்தி கத்தினாள்: "கங்காணியாரே, அப்படியே நில்லுங்க, நாத்து எடுத்துட்டு வர்றோம்!"

சிரித்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைத்தான் மனசில் வைத்துக்கொண்டான்.

முளையில் இருந்த முடிச்சு

ஒருநாள் நான் லயத்து வீட்டில் சோறு தின்னும் நேரம், என்னைக் கேட்காமல் கங்காணி தோணியை எடுத்துக்கொண்டு அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குக் கோழி வாங்கப் போனான். திரும்பியபோது ஆறு நிறைந்திருந்தது. கயிற்றைத் தளர விடாமல் முளையோடு ஒட்டக் கட்டிவிட்டுப் போனான். தண்ணீர் இறங்க இறங்கத் தோணி மூக்கால் தொங்கி, கயிறு அறுந்து கடல் பக்கம் போய்விட்டது. "தோணிக்காரன் சரியாக் கட்டல, தொரை" என்றான். துரை என்னைப் புல் வெட்ட அனுப்பினார்.

மறுநாள் ஏறிய தண்ணீரில் தோணி வந்து நீப்பாப் புதரில் நின்றது. முளையில் அவன் போட்ட முடிச்சும் அப்படியே இருந்தது. எல்லாரையும் வைத்துக்கொண்டு, துரையிடம் உண்மையைச் சொல்லும்படி கங்காணியிடம் சொன்னேன். "தோணிதான் வந்துடுச்சே, இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்றான்.

முதலையும் உப்பும் சேறுமான அந்த ஆறு கொண்டுபோனதை மறுநாளே கொடுத்துவிட்டது. 'நான்தான் கட்டினேன்' என்று முனியாண்டிக் கங்காணி எனக்குத் தர வேண்டிய ஒரு வார்த்தைதான் இன்னும் கரை சேரவில்லை.